லோரிக்காரர் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றால்

மலைச் சரிவில் லோரி ஒன்று தறிகெட்டு இறங்கி, நாலைந்து வாகனங்களை இடித்துவிட்டு நின்றால், மறுநாள் பத்திரிகையில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: பிரேக் பிடிக்கவில்லை. பினாங்குத் தீவு இந்த வாக்கியத்துக்கு ஏற்ற நிலம். பாயா தெருபோங் சரிவாகட்டும், பாலேக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளாகட்டும், மணலும் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லோரிகள் வீட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களோடு ஒரே பாதையில்தான் இறங்குகின்றன. கடலைத் தாண்டினால் பட்டர்வொர்த் கொள்கலன் முனையமும் பிறைத் தொழிற்பேட்டையும். இரண்டு கரைகளையும் 1985 முதல் இணைத்து வரும் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் டிரெய்லரும் ‘கப்சாய்’ எனும் சிறு மோட்டார் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

பிரேக் போய்விட்டது என்றதும் அடிபட்டவரின் குடும்பம் பாதி தளர்ந்துவிடும். இயந்திரம் பழுதானால் யாரைக் குறை சொல்வது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சட்டம் அப்படி நினைப்பதில்லை. இங்கிலாந்தில் ஒரு லோரி மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் திரவம் கசிந்து, வண்டி நிற்காமல் ஓடி ஒருவரைக் கொன்றது. குழாயில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தது. துருப்பிடித்த பகுதி வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. குழாயைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். கண்ணால் பார்த்துச் சோதித்தால் போதும் என்றுதான் அன்றைய வழிகாட்டுதலும் சொன்னது. உரிமையாளர்கள் இதையே சொல்லித் தப்பப் பார்த்தார்கள். 1969-ல் அந்நாட்டின் உச்ச மன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபை பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. அந்த லோரி முன்பு என்ன சுமை ஏற்றியது, எந்தச் சூழலில் ஓடியது, துரு சீக்கிரம் ஏறக்கூடிய காரணம் ஏதும் இருந்ததா என்பதெல்லாம் உரிமையாளருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லித் தங்கள் மேல் தவறில்லை என்று காட்ட வேண்டியவர்கள் அவர்களே. காட்டவில்லை, ஆகவே பொறுப்பும் அவர்களுடையதே.

மலேசிய நீதிமன்றங்கள் இதுபோன்ற ஆங்கிலத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் கவனக்குறைவு வழக்குகளில் அவற்றை மதித்துக் கேட்கின்றன. எனவே ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று ஓட்டுநர் சொன்னால் அடிபட்டவரின் வழக்கறிஞர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தொடங்கலாம். கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனது? இங்கே வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும். பிரேக் வேலை செய்த பட்டறையின் பில் எங்கே? அன்று ஏற்றிய எடை எவ்வளவு? எடைமேடைச் சீட்டு யாரிடம் இருக்கிறது?

சுமை சின்ன விஷயமல்ல. 2025 மே 13-ஆம் தேதி காலையில் பேராக், தெலுக் இந்தானில் நடந்ததை மலேசியத் தமிழர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சித்ரா பௌர்ணமித் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் டிரக்கில், கல் ஏற்றி வந்த லோரி மோதியது. ஒன்பது போலீசார் இறந்தார்கள். போக்குவரத்து அமைச்சின் சிறப்புக் குழு லோரியின் ஸ்டியரிங் கோளாறையும் அளவுக்கு மீறிய சுமையையும் சுட்டிக்காட்டியது. ஓட்டுநர்மீது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1) பிரிவில் குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனத்தின் இயக்குநரும் தனியே நீதிமன்றத்துக்கு வந்தார். கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் திட்டம் அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அனுமதி ஒருவர் பெயரில், வண்டி ஓட்டுவது இன்னொருவர் என்று பர்மிட்டைக் கைமாற்றி விடும் வழக்கமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

சிவில் வழக்குக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். லோரி விபத்தில் ஓட்டுநர் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவரே மாதச் சம்பளக்காரர், பல சமயம் நடைக் கூலிக்காரர். வேலை நேரத்தில், முதலாளியின் வேலையாக வண்டி ஓட்டியவரின் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய விதி. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பர்மிட் யாருடையது, அன்று சரக்கு ஏற்றச் சொன்னது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு பெயர்கள் வரலாம். எல்லோரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்வார். அதற்கான பெயர்களை முதல் வாரத்திலேயே எழுதி வைத்திருப்பது குடும்பத்தின் வேலை. வண்டிக் கதவில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்காமல், பிறகு மாதக்கணக்கில் தேடி அலைந்தவர்கள் உண்டு.

குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு 41(1) பிரிவின்படி ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். இறந்தவரின் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு சென்கூட வராது. வீட்டுக்கு வர வேண்டிய பணத்துக்குத் தனி வழக்கு போட வேண்டும். போலீஸ் யாருக்குச் சம்மன் கொடுத்தது என்பதும் சிவில் நீதிபதியைக் கட்டாது. சம்மன் வாங்கிய மோட்டார் சைக்கிள்காரர் இழப்பீடு பெற்றதும் உண்டு, சம்மனே வாங்காத லோரிக்காரர் பொறுப்பேற்றதும் உண்டு.

பணம் கட்டுவது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனம்தான். சாலையில் ஓடும் வாகனங்களுக்குப் பொதுவாக மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்று 1987 சட்டத்தின் 90-ஆம் பிரிவு சொல்கிறது. அடிபட்டவர் தீர்ப்பு வாங்கிவிட்டால் அதைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும் என்பது 96-ஆம் பிரிவு. ஆனால் வழக்கு தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இது வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளும் சின்ன வேலைதான். தவறவிட்டால் பெரிய ஓட்டை. காப்புறுதியே இல்லாமல் ஓடிய வண்டி என்றால் மோட்டார் காப்புறுதியாளர் பியூரோ என்ற அமைப்பை அணுகும் வழி இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு வருவோம். மலேசியாவில் இதன் ஒரு பகுதி வாய்பாடு போல எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இறந்தவரின் குடும்பத்துக்கானது. 28ஏ பிரிவு உயிர் பிழைத்தவருக்கானது. 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 ஆண்டு வருமானம். 31 முதல் 59 வரை என்றால் 60-லிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 60 ஆகிவிட்டால் வருமான இழப்பு என்ற தலைப்பில் பூஜ்யம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிறையில் தொழிற்சாலை வேலை செய்யும் 36 வயதுக்காரர், மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம். அவருடைய சொந்தச் செலவு 1,000 என்று நீதிமன்றம் கழித்தால் குடும்பத்துக்கு மாதம் 2,000. 60-லிருந்து 36 போனால் 24, அதில் பாதி 12. ஆக 2,000 பெருக்கல் 12 மாதம் பெருக்கல் 12 ஆண்டு: 2,88,000 ரிங்கிட். 2019 செப்டம்பர் 1-க்கு முன் இதே வாய்பாட்டில் 60-க்குப் பதில் 55 இருந்தது. அப்போது இதே குடும்பத்துக்கு 2,28,000-தான் வந்திருக்கும். அதே திருத்தத்தில் துயர இழப்பீடு 10,000-லிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஈமச் சடங்குச் செலவும் கேட்கலாம். நியாயமானதாக இருக்க வேண்டும், ரசீது இருந்தால் வாதம் குறையும்.

இந்த வாய்பாட்டில் கருணைக்கு இடம் குறைவு. அடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்திருக்கும், சம்பளம் ஏறியிருக்கும் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. விபத்துக்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்தாரா என்று மட்டும் கேட்கிறது. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் 62 வயதுத் தாத்தா இந்தக் கணக்கில் எங்கும் வரமாட்டார். கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பெண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். தமிழ்நாட்டுச் சொந்தக்காரரிடம் இதைச் சொன்னால் வியப்பார். அங்கே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறது, 2017-ல் இந்திய உச்ச நீதிமன்றம் எதிர்கால வருமான உயர்வையும் கணக்கில் சேர்க்கச் சொன்னது, இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கும் பணமதிப்பு உண்டென்று 2021-ல் அழுத்தமாகச் சொன்னது. யார் தவறு என்று நிரூபிக்காமலே ஒரு குறிப்பிட்ட தொகை பெறும் வழியும் அங்கே இருக்கிறது. மலேசியாவில் தவறை நிரூபித்தே ஆக வேண்டும். மலேசியக் கணக்கு சீக்கிரம் முடியும், முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது உண்மைதான். அதன் விலையைச் சம்பளச் சீட்டு இல்லாத மனிதர்கள் கொடுக்கிறார்கள்.

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் கொஞ்சமா? நாள் கூலிக்கு மூட்டை தூக்குபவர், லிட்டில் இந்தியாவில் பூ கட்டுபவர், வாரச் சந்தையில் கடை போடுபவர், பகுதி நேரத்தில் வயரிங் வேலை பார்ப்பவர். கையில் காசு வாங்குபவருக்கு வருமானம் இருந்தது என்பதை நீதிமன்றத்தில் யாராவது வந்து சொல்ல வேண்டும். சொன்னாலும் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் பாதியாக்கப் பார்க்கும். இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பதிவு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டிய சந்தா, வங்கிப் புத்தகத்தில் மாதந்தோறும் போட்ட தொகை, சரக்கு வாங்கிய பில், வரி அறிக்கை என்று கிடைக்கும் எந்தக் காகிதமும் உதவும். முதலாளி எழுதிக் கொடுக்கும் கடிதம் மட்டும் போதாது. கூண்டில் ஏறி அதை ஆதரிக்க அவர் வர வேண்டும்.

இன்னொரு காகிதம் கல்யாணச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே இருபது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் நம்மிடையே உண்டு. கணவர் விபத்தில் இறந்ததும், ‘இவர் சட்டப்படி மனைவியா?’ என்று காப்புறுதித் தரப்பு கேட்கும். இந்துமுறைப்படி மணந்து பதிவு செய்யாத ஒரு விதவை இப்படிக் கேள்விக்கு உள்ளானார். 1997-ல் சட்ட ஏடுகளில் வெளியான அந்தத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம், பதிவில்லை என்பதாலேயே திருமணம் செல்லாமல் போகாது என்று கூறி அவர் பக்கம் நின்றது. ஆனாலும் அது வாதாடி வென்ற உரிமை. பதிவுத் தாள் ஒன்று பெட்டியில் இருந்தால் அந்த வாதமே எழாது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவரின் திருமணங்களுக்குப் பதிவு தேவை என்ற சட்டம் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்தும் இதை ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டிகூட 7-ஆம் பிரிவின்படி சார்ந்திருந்தவர் பட்டியலில் வரலாம். இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளியையும் 2019 திருத்தம் சேர்த்தது. ஆனால் மாதம் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் காட்ட வேண்டும். அம்மாவின் கையில் மகன் வைத்துவிட்டுப் போன 300 ரிங்கிட்டுக்கு யாரும் ரசீது போடுவதில்லை, அதனால் இங்கே பெற்றோரின் வாய்ச்சொல்லை நீதிபதிகள் எடை போட்டுப் பார்த்து ஏற்கிறார்கள்.

உயிர் பிழைத்தவரின் கணக்கு வேறு மாதிரி. கால் முறிவு, முதுகெலும்புக் காயம், தலைக் காயம் என்று ஒவ்வொன்றுக்கும் எந்த எல்லைக்குள் இழப்பீடு தரலாம் என்று 2018-ல் புதுப்பிக்கப்பட்ட ஒரு தொகுப்பு நூல் இருக்கிறது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். அது வழிகாட்டிதான், கட்டளை அல்ல. அதன்மேல் மருத்துவச் செலவு, மோட்டார் சைக்கிள் பழுது, சக்கர நாற்காலி, பிசியோதெரபிக்குப் போய்வந்த செலவு எல்லாம் சேரும். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மனைவியின் உழைப்புக்கும் கேட்கலாம். இதைக் கேட்கலாம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஏன் அரசு மருத்துவமனை போதவில்லை என்று காரணம் காட்ட வேண்டியிருக்கும். பில் எல்லாம் கட்டினோமே, முழுவதும் திரும்ப வரும் என்று நம்பிவிடக் கூடாது.

தலைக்கவசம் போடாதது, விளக்கில்லாமல் ஓட்டியது, சிவப்பு விளக்கில் நுழைந்தது போன்றவை நிரூபணமானால் நீதிமன்றம் ஒரு விழுக்காட்டை அடிபட்டவர்மேல் சுமத்தும். மேலே போட்ட கணக்கில் 20 விழுக்காடு என்றால் 57,600 ரிங்கிட் கழிந்துவிடும். லோரி விபத்துகளில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான்.

ஆகவே முதல் சில நாள்களிலேயே வழக்கின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் கிடப்பவருக்கு இது முடியாது, குடும்பத்தார் போகலாம், உடம்பு தேறியதும் அவரே விவரமாகச் சொல்லலாம். ரிப்போர்ட் மலாய் மொழியில் எழுதப்படும். சரளமாக மலாய் படிக்கத் தெரியாத பெரியவர் கையெழுத்திடும் முன் யாரையாவது படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். ‘நான் பார்த்தேன், ஆனால் ஒதுங்க முடியவில்லை’ என்பதும் ‘நான் பார்க்கவில்லை’ என்பதும் நீதிமன்றத்தில் வேறு வேறு வழக்குகள். பின்னர் சாட்சிக் கூண்டில் வேறு மாதிரி சொன்னால், அன்று எழுதியதை எடுத்து வைத்துக் கேட்பார்கள். போலீசின் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றின் நகலைக் கட்டணம் கட்டிப் பெறலாம். சாலையோரக் கடைகளின் கேமரா பதிவு மட்டும் காத்திருக்காது. அது தானாக அழிந்துவிடும், அன்றே போய்க் கேட்க வேண்டும். பல நிறுவன லோரிகளில் ஜிபிஎஸ் இருக்கும். வேகம், நேரம், வண்டி எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடியது என்பதை அது சொல்லும். வழக்கறிஞர் கேட்டுக் கடிதம் போட்டால், அழித்துவிட்டோம் என்று பிறகு சொல்வது கடினம்.

இந்த நாள்களில்தான் இன்னொருவரும் வருவார். வார்டின் வாசலிலோ போலீஸ் நிலையத்தின் பக்கத்திலோ நின்று, “அக்கா, கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன், ஜெயிச்சா மட்டும் கொடுத்தா போதும்” என்பார். வழக்கு பிடித்துத் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர். ஜெயித்தால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வழக்கைத் தேடிப் போய்ப் பிடிப்பதும் தவறு. மேற்கு நாட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். வழக்கில் ஜெயித்த பணத்தில் எவ்வளவு எங்கே போனது என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்த கதைகளைக் கேட்டால் தடைக்கான காரணம் புரியும். கட்டணத்தை எழுத்தில் கேட்பதும், வழக்கறிஞரை அவர் அலுவலகத்திலேயே போய்ப் பார்ப்பதும் மரியாதைக் குறைவல்ல.

காப்புறுதி நிறுவனத்தின் ஆளும் வருவார், மிக மரியாதையாக. அவர் நீட்டும் தாளின் பெயர் டிஸ்சார்ஜ் வவுச்சர். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் அதில் எங்காவது இருக்கும். எலும்பு சேரும் முன், மருத்துவர் நிரந்தர ஊனம் எவ்வளவு என்று சொல்லும் முன் அதில் கையெழுத்திட்டால் பின்னால் வரும் அறுவை சிகிச்சைக்கு யாரையும் கேட்க முடியாது.

வேலைக்குப் போகும் வழியிலோ வேலையிலிருந்து திரும்பும் வழியிலோ லோரி இடித்தால் சொக்சோவின் பலன்களும் உண்டு. அதை வாங்கியதால் லோரி உரிமையாளர்மேல் வழக்கு போடும் உரிமை போய்விடாது. ஆனால் அடிபட்டவர் அந்த லோரியிலேயே வேலை செய்த கிளீனர் என்றால் கதை மாறும். வேலைக் காயத்துக்குத் தன் முதலாளிமேல் வழக்கு போடுவதைச் சொக்சோ சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து பிறையில் வேலை செய்பவரும் இதில் அடக்கம்.

தீவில் நடந்த விபத்து என்றால் வழக்கு பெரும்பாலும் லைட் ஸ்திரீட் பக்கம் உள்ள நீதிமன்ற வளாகத்துக்குப் போகும். பெருநிலத்தில் என்றால் பட்டர்வொர்த்தோ புக்கிட் மெர்தாஜாமோ. மோட்டார் விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே கேட்கலாம், உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியதில்லை. லைட் ஸ்திரீட்டில் நீதிமன்றத்தின் அருகே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. உள்ளூர் மக்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் 1869-ல் இறந்தபின் எழுப்பியது. அதைத் தாண்டி நீதிமன்றத்துக்குள் போனால், விசாரணை தொடங்கும் முன்பே தாழ்வாரத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் தொகை பேசி முடிப்பதைக் காணலாம். பல வழக்குகள் அங்கேதான் முடிகின்றன. காகிதம் சரியாக இருந்தால் பேச்சு மேலே தொடங்கும்.

காலக்கெடுவை மட்டும் தவறவிடக் கூடாது. காயத்துக்கான வழக்கைத் தீபகற்ப மலேசியாவில் விபத்து நடந்த ஆறு ஆண்டுக்குள் போட வேண்டும். இறந்தவரைச் சார்ந்திருந்தவர்களின் வழக்கு மரணத்திலிருந்து மூன்றே ஆண்டுக்குள். இடித்தது அரசாங்க லோரி என்றால் மூன்று ஆண்டு. அடிபட்டது சிறு பிள்ளை என்றால் 18 வயது ஆகும் வரை ஆறு ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்காது. அந்தப் பிள்ளைக்காகச் சமரசம் பேசினால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் தாயோ தகப்பனோ போட்ட கையெழுத்து பிள்ளையைக் கட்டாது.